கூண்டுக்கு முந்தின இரவு

கூண்டு வைப்பதற்கு முந்தின இரவு பூனைக்குச் சாப்பாடு வைக்கக் கூடாது. துன்புறுத்தாமல் பூனை பிடிப்பது எப்படி என்று கற்றுத்தருகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். மாதக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மீன் வைத்துப் பழக்கிய அதே ஆள், அன்றைக்கு மட்டும் போகாமல் இருக்க வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் தூணோரம் உட்கார்ந்திருக்கும் பூனை, வழக்கமான நேரம் கடந்தும் உட்கார்ந்திருக்கும். மறுநாள் அந்தப் பசிதான் அதைக் கம்பிக்குள் கூட்டிக்கொண்டு போகும். ஒரு நாளுக்கு மேல் பட்டினி போடக் கூடாது, சின்னக் குட்டிகளைப் பட்டினி போடவே கூடாது என்பது அந்த விதியின் மறுபாதி.

சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் பேட்டையில் இந்த வேலையில் கைகொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த முந்தின இரவு எனக்குப் பழகிப்போகவில்லை. பழகிப்போகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். தெருப்பூனைக் கருத்தடையைப் பற்றி எழுதுகிறவர்கள் எண்ணிக்கையை எழுதுகிறார்கள், அறுவை சிகிச்சையை எழுதுகிறார்கள். நம்மை நம்பி வந்த ஓர் உயிரை அந்த நம்பிக்கையைக் கொண்டே பிடிக்கிறோம் என்பதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. அப்படிச் செய்யலாமா என்று கேட்டால், செய்யத்தான் வேண்டும் என்பதே என் பதில். ஆனால் செய்த கணத்திலிருந்து நாம் அந்த உயிருக்குக் கடன்பட்டவர்கள் ஆகிறோம். கூண்டைத் தூக்குகிற பலர் அந்தக் கடனைப் பாதியில் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஏன் செய்ய வேண்டும் என்பதற்கு நீண்ட வாதம் தேவையில்லை. பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம். நான்கைந்து மாதத்திலேயே பெட்டைக்குட்டி சினைபிடிக்கும். ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை நிற்கலாம். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைகள் ஈனுவது ஓயும். பகலின் நீளம் பெரிதாக மாறாத பூமத்திய ரேகை ஊர்களில் அந்த ஓய்வும் கிடையாது. இப்படிப் பிறப்பவை எல்லாம் வளர்ந்து தெருவை நிறைப்பதாக நினைப்பது தவறு. அமெரிக்காவின் வட கரோலினாவில் மனிதரோடு ஒட்டாத பூனைகளின் குட்டிகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 169 குட்டிகளில் 127 ஆறு மாதம் முடிவதற்குள் செத்தோ காணாமலோ போயின. நாயும் வண்டியும் அடித்து இறந்தவைதான் அதிகம். கருத்தடை குறைப்பது பூனைகளை என்பதைவிட இந்தச் சாவுகளை என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கூண்டு எளிய பொருள். இரண்டு முழ நீளக் கம்பிவலைப் பெட்டி. ஒரு முனையில் விழும் கதவு, மறுமுனைக்கு அருகே ஒரு மிதிதட்டு. முதல் சில நாள் கதவைத் தூக்கிக் கட்டிவைத்து, உணவைக் கூண்டுக்குப் பக்கத்திலும், பிறகு வாசலிலும், பிறகு உள்ளேயும் வைத்துப் பழக்க வேண்டும். அடியில் செய்தித்தாள் விரிக்க வேண்டும். கம்பி பாதத்தில் உறுத்தினால் பூனை திரும்பிவிடும். தாள் காற்றில் படபடத்தாலும் திரும்பிவிடும் என்பதால் ஓரங்களை ஒட்ட வேண்டும். இரை மணக்க வேண்டும்: வறுத்த கானாங்கெளுத்தி, எண்ணெயில் ஊறிய டின் மத்தி, சூடு ஆறாத பொரித்த கோழி. அளவு கொஞ்சம் போதும், மயக்கமருந்து கொடுக்கும்போது வயிறு நிறைந்திருக்கக் கூடாது. இரையை மிதிதட்டுக்கு அப்பால் கடைசி மூலையில் வைக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்தை நீட்டித் தின்றுவிட்டுப் போய்விடும். பிறகு பூனையின் பார்வைக்கு எட்டாத இடத்தில் நாம் உட்கார வேண்டும். கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவதை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. மழை கொட்டும், வெயில் ஏறும், நாய் வரும், சில நேரம் வன்மம் கொண்ட மனிதர்களும் வருவார்கள்.

கதவு விழுந்தபின் வரும் நொடிகளைப் பார்க்க மனம் திடமாக இருக்க வேண்டும். அதுவரை ஓசையில்லாமல் நடந்த உடல் நான்கு பக்கமும் மோதும். மூக்கு உரிந்து ரத்தம் கசியும். தயாராக வைத்திருக்கும் தடித்த துணியை உடனே கூண்டின் மேல் முழுதாகப் போர்த்த வேண்டும். இருட்டானதும் மோதல் நின்றுவிடும். அதை அமைதி என்று நான் எண்ணிக்கொள்வதில்லை. அச்சம் வெளியே தெரியாமல் உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் சத்தமாகப் பேசுவதும், துணியை விலக்கிப் படம் எடுப்பதும், “பயப்படாதே” என்று கம்பிக்குள் விரலை விடுவதும் அதற்கு நாம் செய்யும் கூடுதல் கொடுமை. விரலை விடுகிறவருக்கும் ஆபத்துதான். பூனைக்கடி ஊசி இறங்கினாற்போல் ஆழமாக இறங்கி எளிதில் சீழ்பிடிக்கும். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநோய் இல்லை. தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே இதைச் செய்கிறவர்கள் கடியோ கீறலோ பட்டால் கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை பிடிபட்டுத் தப்பிய பூனையும், இன்னொன்று பிடிபடுவதைப் பார்த்த பூனையும் கூண்டுக்குள் எளிதில் வராது. அவற்றுக்கு வேறு வழிகள் உண்டு. பெரிய வலைப்பெட்டியைக் குச்சியால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, பூனை அடியில் வந்ததும் கயிற்றை இழுப்பது ஒன்று. இன்னொரு வழி தாய்க்கு மட்டும் உரியது. குட்டிகளை முதலில் எடுத்து, துணி மூடிய சிறு கூடையில் வைத்து, கூண்டின் பின்முனையை ஒட்டிவைப்பார்கள். குட்டிகள் கத்தும். தாய் முதலில் தூரத்தில் சுற்றும், பிறகு நெருங்கும், குட்டிகளிடம் போக வழி தேடும். கூண்டின் வாசல் ஒன்றுதான் வழியாக இருக்கும்.

இந்த முறை பலிக்கும். அதனால்தான் சொல்லித்தருகிறார்கள். மீனுக்கு மசியாத, எந்த மணத்துக்கும் இறங்காத, ஆண்டுக்கணக்கில் எல்லாரையும் ஏய்த்த தாய்ப்பூனை குட்டியின் குரலுக்கு நேராக நடந்து உள்ளே போய்விடும். பசியை இரையாக வைப்பதற்கே மனம் கூசுகிறவள் நான். தாய்மையை இரையாக வைப்பதைப் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. ஆனாலும் இதையும் செய்ய வேண்டும் என்றுதான் சொல்வேன். குட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு தாயை விட்டுவிட்டால், பால் கட்டிய மடியோடு அது சில நாள் தேடி அலையும். அடுத்த சில மாதத்தில் இன்னொரு சாக்கடை மூடிக்கு அடியில் இன்னொரு ஈற்று ஈன்றிருக்கும். தாயையும் பிடிப்பதுதான் அதற்குச் செய்யும் நன்மை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பிடிபட்ட பெட்டையின் மடியில் பால் இருந்து, குட்டிகள் எங்கே என்று தெரியவில்லை என்றால், மருத்துவரிடம் அதை முதலில் சொல்லி, அறுவை சிகிச்சை முடிந்து தெளிந்ததும் தாமதிக்காமல் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். எங்கோ ஒரு பொந்தில் அதை எதிர்பார்த்துக் கிடப்பவற்றுக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழ்த்தளத்துப் பூனைகள் பெரும்பாலும் மனிதரைக் கண்டு ஓடாதவை. பள்ளிப்பிள்ளைகள் தடவிக்கொடுப்பார்கள், பாட்டிகள் தள்ளுகூடையில் உணவு கொண்டுவருவார்கள். மனிதரோடு ஒட்டாத பூனைகள் வேறு இடங்களில் இருக்கின்றன: தொழிற்பேட்டைகளில், கட்டுமானத் தளங்களின் தகரவேலிக்குள், உணவங்காடிகளின் பின்பக்கக் குப்பைத்தொட்டி ஓரத்தில். அந்த இடங்களில் அவற்றுக்குச் சோறு வைப்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்கள் பலர். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் வரும் மீன் துண்டில் பாதியைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்து லாரி வருவதற்குள் ஓடிப்போய் வைத்துவிட்டு வருவார்கள். அப்படி ஒருவர், புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, நாங்கள் கூண்டு கொண்டுபோன தளத்தில் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். “நீங்க நின்னா வராதுக்கா. என் சத்தம் கேட்டாதான் வரும்.” அவர் நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். அது வந்தது. கதவு விழுந்தது. துணியை அவரே போர்த்தினார். பிறகு கேட்டார்: “இனிமே என் முகத்துல முழிக்குமாக்கா?”

முழிக்கும் என்று சொன்னேன். சிகிச்சை முடிந்து, பழைய இடத்தில், பழைய நேரத்தில், பழைய குரல் கேட்டால், சில நாள் தள்ளி நின்றுவிட்டுப் பெரும்பாலான பூனைகள் வந்துவிடும். ஆனால் அவர் கேட்டது பூனையின் நினைவாற்றலைப் பற்றி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தான் செய்தது சரிதானா என்றும் கேட்டார். பூனை பிடிப்பதை யார் செய்ய வேண்டும் என்பதற்கு அவர் முகமே எனக்கு விடை. சோறு வைத்தவர்தான் செய்ய வேண்டும். வேறு யாராலும் முடியாது என்பது ஒரு காரணம். சோறு வைத்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும் என்பது இன்னொன்று.

மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைச் சிறிதளவு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், நேர்கோடாக வெட்டிவிடுவார்கள். பல நாடுகளில் இடது காது. இந்தப் பூனைக்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று தூரத்திலிருந்தே தெரியவும், மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்காமல் இருக்கவும் அதுதான் அடையாளம். அழகைக் கெடுக்கிறதே என்று வருந்துகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்தப் பூனையை இனி யாரும் கூண்டுக்குள் அழைக்க வேண்டியதில்லை என்ற உறுதிமொழி அது. கடனின் முதல் தவணை அங்கே தீர்கிறது. மீதி, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவதிலும், உணவு நிற்காமல் பார்த்துக்கொள்வதிலும், இடமே இல்லாமல் போகும்போது மாற்றிடம் தேடுவதிலும் இருக்கிறது. கட்டடம் எழும்பித் தகரவேலியைப் பிரிக்கும் நாளில் ஊழியர்கள் வேறு தளத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். பூனைகள் அங்கேயே நிற்கின்றன. அவற்றைப் புது இடத்துக்குக் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டால் தங்காது. இரண்டு மூன்று வாரம் பெரிய கூண்டில் வைத்து, அந்த இடத்தின் மணமும் ஓசையும் பழகியபின்தான் திறக்க வேண்டும். இந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறதோ அவர்தான் இந்த வேலைக்கு வரவேண்டும்.

குட்டிகளின் கதை வேறு. அவற்றை மனிதரோடு வாழப் பழக்கலாம். சைப்ரஸ் தீவின் சிலூரோகம்போஸ் என்ற இடத்தில், சுமார் 9,500 ஆண்டுக்கு முந்தைய மனிதப் புதைகுழிக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் அறிவித்தார்கள். இன்றைய வீட்டுப்பூனைகள் அனைத்தும் அண்மைக் கிழக்கின் காட்டுப்பூனை வழியில் வந்தவை என்று 2007இல் மரபணு ஆய்வு சொன்னது. இவ்வளவு நீண்ட உறவுக்குப் பிறகும் பூனை பிறக்கும்போதே நம்முடையதாகப் பிறப்பதில்லை. ஒவ்வொரு குட்டியிலும் அந்த உறவு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மடியில் வளர்ந்த தாய், கைவிடப்பட்டு ஒரு சாக்கடைக்குள் ஈன்ற குட்டி, மனிதக் கை படாமல் நான்கு மாதம் வளர்ந்தால், நம்மைக் கண்டு காட்டுவிலங்கைப் போலவே ஓடும்.

பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகள் இதற்கு ஒரு காலவரையைக் காட்டின: பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அந்த ஐந்து வாரத்தில் கைபட்ட குட்டி மனிதரைத் தன் உலகத்தில் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்கிறது. நாளுக்குக் கால் மணி நேரம் கையில் எடுத்தவற்றைவிட நாற்பது நிமிடம் எடுத்தவை இன்னும் நெருங்கின. ஒரே ஆள் எடுத்தவற்றைவிடப் பலர் எடுத்தவை அந்நியரிடமும் அஞ்சாமல் போயின. தந்தைக்கும் பங்குண்டு என்று சாண்ட்ரா மெக்கூன் 1995இல் காட்டினார். தன்னைக் கண்ணால்கூடப் பார்த்திராத குட்டிகளுக்குத் துணிச்சலைக் கொடுத்துவிட்டுப் போகும் ஆண்பூனைகள் இருக்கின்றன. ஒரே ஈற்றில் ஒன்று மூன்றாம் நாளே மடியேறுவதற்கும், இன்னொன்று அலமாரிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடப்பதற்கும் வளர்ப்பவரின் திறமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

குட்டி சீறுவதை முதன்முறை கேட்பவர்கள் பயந்துபோகிறார்கள். உள்ளங்கை அளவு உயிர், கண்ணில் இன்னும் குட்டிக்கே உரிய நீலம் போகவில்லை, முதுகை வளைத்து, ரோமத்தைச் சிலிர்த்து, எச்சில் தெறிக்கக் காறி உமிழும். கோபம் என்று எடுத்துக்கொள்கிறோம். அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அது. அதன் வயதில் நம்மைவிடப் பல மடங்கு பெரிய ஒரு பிறவி கதவைத் திறந்துகொண்டு வந்தால் நாமும் வேறென்ன செய்திருப்போம்? அதனால் முதலில் உருவத்தைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். தரையில் உட்கார வேண்டும், படுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நேராகக் கண்ணைப் பார்க்கக் கூடாது. கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால் பூனைகளும் அதேபோல் பதில் தருகின்றன, அப்படிச் செய்கிற அந்நியரை நெருங்கவும் செய்கின்றன என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். பூனையோடு வாழ்ந்த நம் பாட்டிமார் பலருக்கு இது தெரிந்திருக்கும்.

இடம் சிறியதாக இருப்பது நல்லது. வீவக வீட்டின் குளியலறை போதும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி இருக்க வேண்டும்; ஆனால் கை எட்டாத பொந்து எதுவும் இருக்கக் கூடாது. முழு வீட்டையும் திறந்துவிட்டால் குட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும், அந்த ஐந்து வாரமும் அங்கேயே கழிந்துவிடும். சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடாமல், கூடவே இருந்து கொடுக்க வேண்டும். முதலில் நீளக் கரண்டியில், வெங்காயமும் பூண்டும் சேராத கோழிக்கூழ். கரண்டியின் நீளம் நாளுக்கு நாள் குறையும். ஒரு கட்டத்தில் விரல் நுனியில். நக்கும்போது மறு கையால் தலைக்குப் பின்னால், காதுக்குக் கீழே மெல்லத் தொட வேண்டும். மேலிருந்து இறங்கும் கை எந்தக் குட்டிக்கும் பருந்துதான். ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடக்கும் உடன்பிறப்புகள் ஒன்றின் பயத்தை மற்றதற்கு ஊட்டிக்கொண்டே இருந்தால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு தனித்தனி அறையில் வைக்க வேண்டிவரும். பிறகு ஒரு நாள், சீறிக்கொண்டே தின்னும் குட்டி, சீற மறந்து தின்னும். அதற்குப் பின் வருவதெல்லாம் எளிது.

எட்டு வாரம் தாண்டிய குட்டியோடு இன்னும் பொறுமை வேண்டும். மூன்று மாதத்தில் கடினம். நான்கு மாதம் கடந்துவிட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது. வளர்ந்த பூனையைப் பழக்கிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு காத்திருந்து, ஒரு நாள் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்தது என்று கண் கலங்கச் சொல்வார்கள். அவர்கள் அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று ஆண்டை அந்தப் பூனை எப்படிக் கழித்தது? பீரோவுக்குப் பின்னால், வீட்டில் எல்லாரும் தூங்கும் வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உடல் விறைத்து. வெளியில் இருந்தால் அதே பூனை மதில்மேல் வெயில் காய்ந்திருக்கும். நாம் தருவது அன்பு என்பதாலேயே அது பெறுவதும் அன்பாக இருந்துவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூண்டுக்குள் எல்லாப் பூனையும் காட்டுப்பூனைதான். வழி தவறிய, கைவிடப்பட்ட வீட்டுப்பூனையும் முதல் நாள் அதேபோல் மோதும், சீறும். அதனால் இரண்டு மூன்று நாள் கவனிக்க வேண்டும். மருத்துவமனையில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுப்பூனை மெல்ல முன்னுக்கு வரும், நாம் பார்க்கும்போதே தின்னும், நம்மை நோக்கிக் குரல் கொடுக்கும். மனிதரோடு ஒட்டாத பெரிய பூனை பெரும்பாலும் வாயே திறக்காது. முன்னதற்கு ஒரு வீடு தேட வேண்டும். பின்னதை அதன் இடத்தில் விட வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய அநியாயம்.

பிடித்து, கருத்தடை செய்து, திருப்பி விடுவது என்ற யோசனை ஒரே ஊரில் பிறந்ததல்ல. சென்னையில் புளூ கிராஸ் 1964இலேயே தெருநாய்களுக்காக இதை முன்வைத்தது. 1960களில் லண்டனில் புகழ்பெற்ற மாடலாக இருந்த சீலியா ஹேமண்ட் கைவிடப்பட்ட பூனைகளைத் தேடிப் போகத் தொடங்கி, 1986இல் தன் பெயரில் அறக்கட்டளை அமைத்தார். இத்தாலி 1991இல் தெருப்பூனைகளைக் கொல்வதைத் தடுத்து, அவை வாழும் இடத்திலேயே காப்பாற்றச் சட்டம் இயற்றியது. சிங்கப்பூரில் 1998இல் அரசே கருத்தடைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2003இல் சார்ஸ் தொற்றுநோய் வந்தது. திட்டம் நின்றது, தெருப்பூனைகள் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டன. அன்றைய அச்சம் எத்தகையது என்பது அந்த நாள்களில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்; அதற்காக, ஐந்தாண்டு சேர்த்த நம்பிக்கை சில மாதத்தில் கலைந்ததை இல்லையென்று சொல்ல முடியாது. காது வெட்டிய பூனைகளும் கூண்டுக்கு அழைக்கப்பட்டால், அந்தக் காதில் இருந்த உறுதிமொழிக்கு என்ன பொருள்? பின்னர் 2010களில் கருத்தடைத் திட்டம் மீண்டும் வந்தது. வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1 அன்று நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், சன்னலுக்கு வலை வேண்டும். அதே நாளில் தெருப்பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, வீடு தேடவோ திருப்பி விடவோ ஒரு புதிய திட்டமும் நடைமுறைக்கு வந்தது. குளியலறையில் பழக்கிய குட்டிகளை ஒளித்து ஒளித்து வளர்த்த காலம் இங்கே முடிந்தது.

இது பலன் தருமா என்பதற்கு என்னிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் 2002 வரை 155 பூனைகளைப் பின்தொடர்ந்தார்கள். 1995க்குப் பிறகு வளாகத்தில் குட்டி பிறக்கவில்லை. 1996இல் 68 பூனைகள், 2002இல் 23. இதைக் கருத்தடையின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. அந்த 155இல் 47 விழுக்காட்டுக்கு வீடு கிடைத்தது. வீடு கிடைத்திருக்காவிட்டால் எண்ணிக்கை அவ்வளவு இறங்கியிருக்காது. பழக்குவதும் பிடிப்பதும் ஒரே வேலையின் இரு கைகள்.

பறவைகளை நேசிப்பவர்கள் இந்த இடத்தில் என்னை நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று 2013இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது; பெரும்பகுதி வீடில்லாப் பூனைகளால். நியூசிலாந்தின் ஸ்டீஃபன்ஸ் தீவில் இருந்த ஒரு சின்னஞ்சிறு பறவையினம் 1890களில் பூனைகள் வந்தபின் முற்றாக அழிந்தது. தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவில் 1949இல் ஐந்து பூனைகள் வந்திறங்கின. 1977இல் சுமார் 3,400 ஆயின. நோய்க்கிருமி, துப்பாக்கி, பொறி, நஞ்சு என்று எல்லாவற்றையும் கொண்டு கடைசிப் பூனையை அகற்ற 1991 ஆயிற்று. கடற்பறவைகள் தரையில் கூடுகட்டும் அந்தத் தீவில் வேறு வழியில்லை என்பதை நான் ஏற்கிறேன். நம் நகரங்களிலும் காட்டை ஒட்டிய ஓரங்களில், நீர்ப்பறவைகள் தங்கும் சதுப்புகளில், பிடித்த பூனையைத் திருப்பி விடக் கூடாது. அவற்றுக்கு வேறு இடம் தேடியே ஆக வேண்டும். ஆனால் உணவங்காடிக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தில், மீன்சந்தையில் வாழும் பூனைக்கு மேரியன் தீவின் தீர்ப்பைச் சொல்லக் கூடாது. ஆளில்லாத ஒரு தீவிலேயே இத்தனை ஆண்டு பிடித்த வேலை, தினமும் யாரோ சோறு வைக்கும் நகரத்தில் முடியவே முடியாது. கொன்று காலியாக்கிய இடத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வேறு பூனை வந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஊர்களிலெல்லாம் இரவில் யாராவது ஒருவர் பூனைகளுக்குச் சோறு வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டார் அவரோடு சண்டை போடுகிறார்கள். அவர் இன்னும் இருட்டான நேரமாகப் பார்த்து வருகிறார். அந்தப் பூனைகளின் நேரமும், நடமாட்டமும், எது சினை, எது புதுவரவு என்பதும் அந்தப் பகுதியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கருத்தடை வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் போக வேண்டியது அவரிடம்தான். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் சண்டையை விட்டுவிட்டு ஒரு நாள் அவரோடு போய் நில்லுங்கள். கூண்டை இரவல் வாங்கிக் கொடுங்கள், மருத்துவமனைக்கு வண்டி ஓட்டுங்கள், சிகிச்சைச் செலவில் பங்கு கொடுங்கள். பூனையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட பிறகும் அவரை மறந்துவிடாதீர்கள். மறுநாளும் சோறு வைக்க வேண்டியிருக்கும்.